நடு ஸ்டம்பு வரக் காரணமான பந்துவீச்சாளர் லம்பி ஸ்டீவன்ஸ்

கிரிக்கெட்டில் முதலில் இரண்டே ஸ்டம்புதான். மூன்றாவது ஸ்டம்பு எதற்காக வந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஜான் ஸ்மால் என்ற மட்டையாளர் தப்பித்த கதையை எங்கோ படித்திருப்பீர்கள். அந்தக் கதையில் பந்து போட்டவர் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

அவர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ். எல்லாரும் அழைத்தது லம்பி என்று. இங்கிலாந்தின் சர்ரே பகுதிக்காரர். டேங்கர்வில் பிரபுவிடம் தோட்டக்காரராக இருந்தவர்.

1775 மே மாதம், லண்டன் ஆர்ட்டிலரி கிரவுண்டில் அணிக்கு ஐந்து பேர் ஆடிய ஒற்றை விக்கெட் ஆட்டம், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே மட்டை பிடிப்பது. லம்பி அன்று கென்ட் பக்கம், எதிரணி ஹாம்ப்ஷயர் கிராமத்து கிளப்பான ஹாம்பிள்டன். கடைசி ஆளாக ஸ்மால் இறங்கும்போது 14 ரன் தேவை. லம்பியின் பந்து மூன்று தடவை இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போயிற்று. ஸ்டம்புகளின் மேலே வைக்கும் குறுக்குக் கட்டையான பெயில் விழவில்லை, அதனால் அவுட் இல்லை. ஸ்மால் அந்த ரன்களை எடுத்து ஹாம்பிள்டனை ஜெயிக்க வைத்தார்.

1774 விதிப்படி ஸ்டம்பின் உயரம் 22 அங்குலம், மேலே 6 அங்குலத்தில் ஒரே பெயில். கொஞ்சம் விலகிப் போட்டால் ஸ்டம்பில் படும். மிகச் சரியாக நடுவில் போட்டால் விக்கெட் கிடைக்காது. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் நடு ஸ்டம்பு. ஒரே நாளில் எல்லா மைதானத்துக்கும் அது வந்துவிடவில்லை.

'கையைத் தாழ்த்தி உருட்டிவிட்ட பந்துதானே' என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. கை தோளுக்குக் கீழேதான், ஆனால் பந்து காற்றில் போய் லெங்த்தில், அதாவது மட்டையாளருக்கு முன்னே குறிவைத்த தூரத்தில், குத்தும். அன்று விருந்தாளி அணிக்கே பிட்ச் தேர்வு செய்யும் உரிமை இருந்தது. எதிரணி குறித்த இடத்திலிருந்து 30 கஜத்துக்குள் எங்கும் ஸ்டம்பு நடலாம். லம்பி தேடியது சிறு மேட்டின் விளிம்பு. அதைத் தாண்டி இறங்குசரிவில் குத்தும் பந்து எழும்பாமல் தரையோடு சீறும். மட்டையை இறக்குவதற்குள் ஸ்டம்பை அடைந்துவிடும். ஒரு முழம் முன்னால் விழுந்தாலோ ஏறுமுகத்தில் பட்டு, அடிக்க வாகாக எழும்பிவிடும். அதனால் அளவு பிசகாத கை வேண்டும்.

ஹாம்பிள்டனின் பந்துவீச்சாளர் டேவிட் ஹாரிஸ் நேர் எதிர். அவர் ஏறுமுகத்தையே தேர்ந்தெடுத்தார். பந்து எகிறி விரலை நசுக்கும், கேட்ச் கிளம்பும்.

இருவரையும் விக்கெட் எண்ணிக்கை வைத்து எடை போடுகிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். அன்றைய ஸ்கோர் அட்டையில் கேட்ச் என்றால் பிடித்தவர் பெயர் மட்டும்தான் ஏறும், போட்டவர் பெயர் ஏறாது. லம்பி கணக்கில் இன்று காட்டப்படுபவை அநேகமாக ஸ்டம்பைச் சாய்த்தவை மட்டுமே.