நிக்சன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: சீனாவோடு உறவு, ரஷ்யாவோடு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், 1972 தேர்தலில் 50இல் 49 மாநிலங்கள். இவ்வளவு ஜெயித்த அமெரிக்க அதிபர் நிக்சன் இரண்டு வருஷத்துக்குள் எப்படி ராஜினாமா செய்ய வேண்டிவந்தது?

ப: அவரை உயர்த்தியதும் கவிழ்த்ததும் ஒரே குணம்தான் என்பது என் எண்ணம். யாரையும் நம்பாமல், யார் காதுக்கும் எட்டாமல் காரியத்தை முடிக்கிற குணம். 1971 ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் பாகிஸ்தானுக்குப் போகிறார். அங்கே வயிற்றுக்கோளாறு, நத்தியாகலி மலைவாசஸ்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறார்கள். ஆள் அந்த நேரத்தில் பாகிஸ்தான் விமானத்தில் பெய்ஜிங்குக்குப் பறந்துகொண்டிருக்கிறார். அமெரிக்க வெளியுறவுத் துறையையே ஓரங்கட்டிவிட்டு நடந்த வேலை இது. ஜூலை 15 அன்று நிக்சன் டிவியில் தோன்றி, நான் சீனா போகப்போகிறேன் என்று அறிவித்தபோது உலகமே அசந்துபோனது. 1972 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் விமானப் படியிலிருந்து இறங்கியதும் சீனப் பிரதமர் சூ என்லாயிடம் கையை நீட்டினார். 1954 ஜெனீவா மாநாட்டில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் தன்னோடு கைகுலுக்க மறுத்தார் என்பது சூ மனதில் அதுவரை ஆறாமல் இருந்த விஷயம். அது தெரிந்தேதான் நிக்சன் முந்திக்கொண்டு கையை நீட்டினார்.

அதே ஜூலை மாதம் வெள்ளை மாளிகைக்குள் இன்னொரு ரகசிய வேலையும் தொடங்கியது. வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை எல்ஸ்பர்க் என்பவர் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். இனி எதுவும் கசியக்கூடாது என்று ஒரு தனிக் குழுவை அமைத்தார்கள். அந்தக் குழு செப்டம்பரிலேயே எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவருடைய அலுவலகத்தைப் பூட்டு உடைத்துத் துழாவியது. அதில் இருந்த ஹன்ட், லிடி என்ற இரண்டு பேர்தான் அடுத்த வருஷம் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்துக்குள் நுழைந்த வேலைக்கும் திட்டம் போட்டவர்கள்.

கே: 1971இல் வங்கதேசப் போரின்போது நிக்சன் ஏன் பாகிஸ்தான் பக்கம் அப்படி நின்றார்?

ப: சீனாவுக்குப் போகும் வழி பாகிஸ்தான் அதிபர் யாகியா கான் கையில் இருந்தது. அப்புறம், நிக்சனுக்கு இந்திரா காந்தியைச் சுத்தமாகப் பிடிக்காது, அவரைப் பற்றி எவ்வளவு கேவலமாகப் பேசினார் என்பது வெள்ளை மாளிகையில் அவரே பதிவுசெய்த ஒலிநாடாக்களில் இருக்கிறது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், கண்ணெதிரே நடந்த படுகொலைகளை எழுதி அனுப்பினார். ஏப்ரலில் அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்துப் போட்டு, நம் அரசு வாய் மூடி இருப்பது தப்பு என்று தந்தியே அடித்தார்கள். பிளட்டை அங்கிருந்து மாற்றினார்கள், அவ்வளவுதான் நடந்தது. யாகியாவை இப்போது நெருக்காதீர்கள் என்று நிக்சன் கைப்பட எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், டிசம்பரில் அவர் வங்காள விரிகுடாவுக்கு விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸை அனுப்பினார். வாட்டர்கேட்டைவிடப் பெரிய குற்றம் இதுதான் என்பேன். இதற்காக யாரும் அவரை விசாரிக்கவில்லை.

கே: டாலருக்குத் தங்கம் தரமாட்டேன் என்று நிக்சன் சொன்னதால்தான் அமெரிக்காவில் விலைவாசி ஏறியது என்கிறார் என் நண்பர். சரியா?

ப: பாதி சரி. 1944 பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாட்டின்படி, வெளிநாட்டு அரசுகள் 35 டாலர் கொடுத்தால் அமெரிக்கா ஒரு அவுன்ஸ் தங்கம் தரவேண்டும். வியட்நாம் போர்ச் செலவு, உள்நாட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து டாலர் வெளியே போய்க்கொண்டே இருந்தது, கையிருப்புத் தங்கமோ அதற்கு ஈடாக இல்லை. யார் அதிபராக இருந்திருந்தாலும் அந்த வாக்குறுதி ரொம்ப நாள் தாங்கியிருக்காது. ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள். 1971 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, ஆலோசகர்களை கேம்ப் டேவிட்டுக்குக் கூட்டிப்போய் ரகசியமாகப் பேசி, ஞாயிறு இரவு டிவியில் அறிவித்துவிட்டார். தங்கம் கிடையாது, இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரி, சம்பளமும் விலையும் 90 நாளைக்கு ஏறக்கூடாது. நட்பு நாடுகளுக்குக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பங்குச்சந்தை எகிறியது, ஜனங்களுக்கும் பிடித்துப்போனது.

உண்மையான கெடுதல் அப்புறம்தான். அடுத்த வருஷம் தேர்தல், வேலையில்லாத் திண்டாட்டம் கண்ணில் படக்கூடாது. அதனால் மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை, பணத்தைத் தாராளமாக விடு என்று நிக்சன் நெருக்கினார், இதுவும் ஒலிநாடாவில் இருக்கிறது. பணம் பெருகுகிறது, விலையை மட்டும் சட்டம் போட்டு அமுக்கிவைத்திருக்கிறார்கள், பிடியைத் தளர்த்தியதும் விலை பாயாமல் என்ன செய்யும்? 1973 ஜூனில் மறுபடியும் விலை உறைவு என்றார். அந்த முறை கடை விலை உறைந்தது, பண்ணையில் விளையும் தீவனத்தின் விலை உறையவில்லை. கோழி வளர்த்தால் நஷ்டம் என்று ஆனதும் டெக்சாஸில் பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பீப்பாய்களில் மூழ்கடித்துக் கொன்றார்கள், அதை நாடு முழுக்க டிவியில் பார்த்தது. விலைக் கட்டுப்பாடு எப்படிப் பொய்த்துப்போகும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் மைல் நீளத்துக்கு வரிசை. நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தது. 1974இல் பணவீக்கம் 11 சதவீதம். ஆகவே உங்கள் நண்பர் தங்கத்தோடு அந்த எண்ணெயையும், தேர்தலுக்காகத் திறந்துவிட்ட பணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கே: வாட்டர்கேட்டில் அப்படி என்னதான் திருடினார்கள்?

ப: திருடிய பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கவும் காகிதங்களைப் படம் எடுக்கவும் போனார்கள். 1972 ஜூன் 17 அதிகாலை, காவலாளி ஃபிராங்க் வில்ஸ் ஒரு கதவின் பூட்டில் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேலையாட்கள் மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று பிய்த்துப்போட்டார். திரும்பி வந்தால் மறுபடியும் டேப்! போலீசைக் கூப்பிட்டார், ஐந்து பேர் மாட்டினார்கள். அவர்களில் ஒருவர் நிக்சனின் தேர்தல் குழுவுக்கே பாதுகாப்புப் பொறுப்பாளர். அதோடு நின்றிருந்தால் கீழ்மட்ட ஆட்களோடு போயிருக்கும். ஆறே நாளில், சிஐஏ-வை விட்டு எஃப்பிஐ விசாரணையைத் தடுக்கச் சொல்லி நிக்சன் தலையாட்டினார்.

கே: எல்லாவற்றையும் பதிவுசெய்த ஒலிநாடாக்களை எரித்திருந்தால் தப்பித்திருப்பாரே?

ப: 1973 ஜூலை 16 வரைக்கும் எரித்திருக்கலாம். அன்றுதான் பட்டர்ஃபீல்டு என்ற முன்னாள் உதவியாளர், அதிபர் அறையில் பதிவுக் கருவி இருக்கிறது என்று செனட் குழு முன் போட்டு உடைத்தார். அதற்கப்புறம் எரித்தால் சாட்சியத்தை அழித்த குற்றம் தனியாக வரும். அதிபரின் பேச்சை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று நிக்சன் உண்மையாகவே நம்பினார். நாடாக்களைக் கேட்டு நின்ற, வாட்டர்கேட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் காக்ஸை நீக்கச் சொன்னார். அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சன் மாட்டேன் என்று ராஜினாமா செய்தார், அவருக்கு அடுத்திருந்த ரக்கெல்ஸ்ஹவுஸும் அதே இரவில் வெளியேறினார். பதவியைத் தூக்கிப்போட்டுவிட்டு மாட்டேன் என்ற அந்த இரண்டு பேரை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது. கடைசியில் 1974 ஜூலை 24 அன்று நாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் நிக்சனே நியமித்தவர்கள், தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கர் உட்பட. ஆகஸ்ட் 5இல், சிஐஏ-வை விட்டுத் தடுக்கச் சொன்ன அந்தப் பேச்சு இருந்த நாடா வெளியானது, 7ஆம் தேதி கோல்ட்வாட்டர் முதலான சொந்தக் கட்சித் தலைவர்களே வந்து, பதவி நீக்கத்தைத் தடுக்க செனட்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 9ஆம் தேதி நிக்சன் கிளம்பினார்.

கே: தேர்தலில் நிற்காத ஃபோர்டு எப்படி அதிபரானார்?

ப: துணை அதிபர் ஆக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் 1973 அக்டோபரில் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஃபோர்டை நிக்சன் நியமித்தார், காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தது. நிக்சன் போனதும் இவர் அதிபர்.

கே: நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்புக் கொடுத்தது சரியா?

ப: தப்பு. நாடு அந்தக் கதையை விட்டு நகரவேண்டும் என்று ஃபோர்டு சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது, அவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் குற்றச்சாட்டே பதிவாகாத நிலையில், 1974 செப்டம்பர் 8 அன்று முழு மன்னிப்பு என்றால், நீதிமன்றத்தில் வெளிவந்திருக்க வேண்டியது வராமலே போயிற்று. ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளரே அதை ஏற்காமல் ராஜினாமா செய்தார். நிக்சனின் நெருங்கிய உதவியாளர்களான ஹால்ட்மன், எர்லிக்மன், முன்னாள் அட்டர்னி ஜெனரல் மிட்செல் மூவரும் ஆளுக்கு ஒன்றரை வருஷம் போலச் சிறையில் இருந்தார்கள். யாருக்காக மூடி மறைத்தார்களோ அவர் ஒருநாள்கூட நீதிமன்றத்தில் பதில் சொல்லாமல் கலிஃபோர்னியா வீட்டில் உட்கார்ந்து நினைவுக் குறிப்புகள் எழுதினார்.