செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் டாய்லெட்டுக்குள் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

மலம், சிறுநீர், கழுவும் தண்ணீர், வாந்தி, டாய்லெட் பேப்பர். இவை மட்டும் போகலாம். மாதவிடாய்க் கப்பில் சேரும் ரத்தத்தையும் துணி நாப்கின் அலசிய தண்ணீரையும் தயங்காமல் ஊற்றலாம். குழந்தையின் டயப்பரில் இருக்கும் மலத்தை உதறிவிடலாம், டயப்பர் குப்பைக்குத்தான்.

வெட் வைப்ஸ் (ஈரத் துடைப்புத் தாள்), அட்டையில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் வேண்டாம். டாய்லெட் பேப்பரை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் சில நிமிடங்களில் கூழாகிவிடும். அதேபோல் வைப்ஸைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் போட்டபடியே கிடக்கும், ஏனென்றால் பலவற்றில் பாலியஸ்டர் இழை கலந்திருக்கிறது. முகம் துடைக்கும் டிஷ்யூவும் ஈரத்தில் கிழியாதபடி செய்யப்பட்டதுதான்.

நாப்கின்தான் இருப்பதிலேயே மோசம். உள்ளே இருக்கும் ஜெல் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து உப்பும். டாய்லெட்டுக்கு அடியில் வளைந்திருக்கும் டிராப்பில் நாற்றத்தைத் தடுக்க எப்போதும் சுமார் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும், நாப்கின் அந்த வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். தப்பித் தவறித் தாண்டிப் போனால் இன்னும் கெடுதல். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் குப்பைக்குக் கொடுங்கள். பாத்ரூமில் மூடி போட்ட ஒரு சின்னக் கூடையும் பக்கத்தில் பழைய செய்தித்தாளும் இருந்தால் போதும். வீட்டுக்கு வரும் விருந்தாளியும் கேட்கக் கூச்சப்பட்டு உள்ளே போட மாட்டார்.

தாண்டிப் போனால் ஏன் கெடுதல்? டேங்கில் கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் டி-பைப் (T வடிவக் குழாய்) வழியாக வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். கசடைச் செரிப்பவை காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். ஷாம்பு பாக்கெட், ஆணுறை, காது குடையும் பட்ஸ், சிகரெட் பஞ்சு இதையெல்லாம் அவற்றால் செரிக்க முடியாது. ஏட்டோடு சேர்ந்து மிதந்து டி-பைப்பை அடைக்கும், அல்லது குழிக்குள் போய் மண்ணின் கண்களை மூடிவிடும். தலைமுடி எல்லாவற்றையும் பின்னிக் கயிறாக்கும். மழைக்காலத்தில் மண் ஏற்கெனவே ஊறியிருப்பதால் தண்ணீர் போக இடமில்லாமல் தரைத்தளத்துப் பாத்ரூமில் எதிர்த்து வரும்.

மீந்த சாம்பார், சோறு, பொரித்த எண்ணெய் கூடாது. டேங்க் சீக்கிரம் நிரம்பும். காலாவதியான ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும், மிச்சம் நிலத்தடி நீரில் கலக்கும். வீட்டில் கிணறோ போரோ இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

தினமும் பினாயிலும் ஆசிட்டும் கொட்டுவதும் பாக்டீரியாவை அழிப்பதுதான். சோப்புத் தண்ணீரும் பிரஷும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள்; குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடைத்துக்கொண்டால் முதலில் வெளியே சேம்பர் (டாய்லெட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் குழாய் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு டாய்லெட் பக்கம். ரப்பர் பிளஞ்சரை வாயோடு வாய் பொருத்தி, காற்று கசியாமல் 15, 20 தடவை அழுத்தி இழுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள், பீங்கான் விரிசல் விடும். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு டேங்க் பக்கம், அல்லது டேங்கே நிறைந்துவிட்டது.

டேங்க் எப்படி இருந்தாலும் 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் கேட்டால் கசடு உறிஞ்சும் லாரிக்கு வழி சொல்வார்கள். குழாயில் நாப்கினும் துணியும் மாட்டிக்கொண்டால்தான் 'ஒரு ஆள் இறங்கி எடுத்துவிடட்டும்' என்ற பேச்சு வரும். இறங்கவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, இறங்கிய சில நொடிகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சாவார். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். மாட்டியதை மேலிருந்தே நீளக் கொக்கியால் எடுக்கச் சொல்லுங்கள். மீத்தேன் இருக்கும், அதனால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. டேங்கைப் பளிச்சென்று கழுவவும் சொல்லாதீர்கள். அடியில் ஓர் அங்குலம் பழைய கசடு கிடந்தால்தான் பாக்டீரியா மறுபடி சீக்கிரம் பெருகும். புது டேங்காக இருந்தால் கொஞ்சம் சாணத்தைக் கரைத்து ஊற்றலாம்.