பாறை படித்தால் வேலை உண்டா?

அக்கா, உங்கள் மகள் ஜியாலஜி (பாறைகளையும் பூமியையும் பற்றிய படிப்பு) படிக்க ஆசைப்படுகிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த ஆறு மாத 'ஆயில் அண்ட் கேஸ்' டிப்ளமோவை விடுங்கள். கல்ஃபில் இருக்கும் அவள் அப்பா ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் அந்தக் கோர்ஸ்களில் பெரும்பாலும் பைப்பிங், சேஃப்டி என்றுதான் சொல்லித்தருவார்கள். மெக்கானிக்கல் முடித்தவனுக்கு ஓரளவு உதவும்; பிளஸ் டூ பிள்ளைக்குப் பணம்தான் கரையும். அவள் கேட்பது ஜியாலஜி, அது வேறு.

"நம்ம மாவட்டத்தில் எண்ணெயே இல்லையே" என்கிறீர்கள். சரிதான், ஆனால் ஏன் இல்லை என்பதே அவள் படிக்கப்போகும் பாடம். இங்கே மலைகளில் இருப்பது சார்னோகைட், கொண்டலைட் வகைப் பாறைகள். பூமிக்கடியில் 700 டிகிரிக்கு மேல் வெந்தவை. பழைய உயிர்களின் மிச்சம் எண்ணெயாக மாற ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி போதும். சூடு கூடினால் வாயுவாகும். நம்ம பாறை பட்ட சூட்டில் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்தான் மிஞ்சும்.

காவிரிப் படுகை அப்படியல்ல. நரிமணம், குத்தாலம் பக்கம் பூமிக்கடியில் ஷேலும் (சேறு இறுகிய பாறை) மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஷேலில் உருவாகும் எண்ணெய் முழுவதும் அங்கேயே கிடக்காது. அழுத்தம் தாங்காமல் பக்கத்து மணற்கல்லுக்குள் பிதுங்கும். அந்தக் கல்லின் நுண்துளைகளில் முன்பே நீர் நிற்கும். எண்ணெய் நீரைவிட இலேசு. அதனால் அடுக்கு எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கமாக மெல்ல ஏறும், சில இடங்களில் பல கிலோமீட்டர்கூட. துளை மிகக் குறுகிய இன்னொரு ஷேல் மேலே கவிந்திருந்தால் அதன் அடியில் தங்கும்: மேலே வாயு, நடுவில் எண்ணெய், கீழே நீர். தடுக்க எதுவும் இல்லையென்றால் தரைவரை கசிந்து போய்விடும். பாறைப் பிளவு ஓரிடத்தில் வழிவிடும், இன்னோரிடத்தில் அடைத்துக்கொள்ளும். அது எது என்று கணிக்கத்தான் ஜியாலஜிஸ்ட். அடியில் எண்ணெய் ஏரி கிடக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

வேலையா? எண்ணெய் நிறுவனங்களில் இடம் குறைவு, அதை மட்டும் நம்ப வேண்டாம். யுபிஎஸ்சியின் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்திய புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். துளைகளில் நீர் நகர்வதும் இதே கணக்குதான். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஜியாலஜி உண்டு. அப்புறம் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி.

வெயிலில் மலையேறும் ஃபீல்டு வேலை இருக்கும், அதை அவளிடம் மறைக்காதீர்கள். பிசிக்ஸ் மார்க் எப்படி என்று எழுதுங்கள். ஹாஸ்டல் கிடைக்குமா என்று கல்லூரியில் இப்போதே விசாரித்துவிடுங்கள்.