ஃபின்மார்க்ல அப்படி என்ன வரலாறு இருக்கு? – கடிதம்

வணக்கம் சார்,

நார்வே வடகோடி ஃபின்மார்க் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். நார்தர்ன் லைட்ஸ், பனி, மனுஷ வாடையே படாத காடுன்னு எதிர்பார்த்து வந்தா நீங்க பாதிக்கு மேல ரெயின்டீர் மேய்க்கிறவங்க, அணை, போராட்டம்னு போயிட்டீங்க. ஒரு கோட்டை இல்ல, பழைய வீடு கூட இல்ல, அங்க என்ன சார் வரலாறு? இயற்கைய இயற்கையா எழுதக் கூடாதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கோட்டை இருக்குங்க, வார்டோங்கிற ஊர்ல, 1730கள்ல கட்டினது. பழைய வீடு ஏன் இல்லன்னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கதைய சொல்றேன். 1944 கடைசில சோவியத் படை கிழக்குல இருந்து உள்ள வருது, அதுவரைக்கும் நார்வேய பிடிச்சு வச்சிருந்து பின்வாங்கின ஜெர்மன் ராணுவம் எதிரிக்கு தங்க ஒரு கூரை கூட கிடைக்கக் கூடாதுன்னு வீடு, ஸ்கூல், தந்திக் கம்பம், படகுன்னு ஒண்ணு விடாம கொளுத்திக்கிட்டே போச்சு. சுமார் 50,000 பேர வலுக்கட்டாயமா தெற்க அனுப்புனாங்க. 20,000 பேருக்கு மேல போக மாட்டோம்னு குகையிலயும் மண்குடிசையிலயும் ஒளிஞ்சிருந்தாங்க, அதுவும் சூரியனே எட்டிப் பாக்காத மாசங்கள்ல. நீங்க போட்டோல பாக்குற ஊர்கள்ல பெரும்பாலும் அதுக்கப்புறம் கட்டினதுதான். (80கள்ல ஈழத்துல இருந்து போன தமிழர்கள் பல பேர் இந்தக் கடற்கரை ஊர்கள்ல மீன் ஃபேக்டரி வேலைக்குத்தான் வந்து சேர்ந்தாங்க, அது தனியா எழுத வேண்டிய விஷயம்.)

சரி, மனுஷ வாடை. நீங்க காடுன்னு நினைக்கிற அந்தப் பெரிய மேட்டு நிலம் இருக்கே, அது சாமி (Sámi)ங்கிற பூர்வகுடி மக்களோட மேய்ச்சல் நிலம். குளிர்காலத்துல மந்தை உள்நாட்டு மேட்டுல இருக்கும், வசந்தத்துல கடற்கரைக்கு கிளம்பும், சில மந்தைங்க கடல் கால்வாய நீந்தியே தீவுக்குப் போகும். குட்டிங்க காதுல கத்தியால வெட்டு போட்டு வச்சிருப்பாங்க, வெட்ட பாத்தா எந்தக் குடும்பத்துதுன்னு தெரியும். குளிர்காலத்துல ரெயின்டீர் பனிய குளம்பால தோண்டி அடியில இருக்கற லைக்கன சாப்பிடும், நம்ம செட்டிநாட்டு மசாலால போடுற கல்பாசி வகையறாதான் அது. பனிக்கு அடியில இருந்தாலும் மோப்பம் பிடிச்சிடும். ஆனா நடுக்குளிர்ல மழை பெஞ்சு உறைஞ்சு போச்சுன்னா தரை மேல ஐஸ் தகடு பூட்டு போட்ட மாதிரி ஒட்டிக்கும், குளம்பு இறங்காது, மந்தை பட்டினி. வானிலை மாற மாற இது அடிக்கடி நடக்குது. இத விட்டுட்டு இயற்கைன்னு எதைங்க எழுதுறது?

அணை விஷயமும் அதேதான். ஆல்டா ஆத்துல போட்ட முதல் திட்டப்படி மாசிங்கிற சாமி கிராமமே தண்ணிக்குள்ள போயிருக்கும். அத கைவிட்டு சின்னதா ஒண்ணு கொண்டு வந்தாங்க. 1979ல சாமி இளைஞர்கள் ஓஸ்லோல பார்லிமென்ட் முன்னாடி கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. 1981 ஜனவரில ஆல்டா பக்கம் வேலை நடக்குற இடத்துக்கே சுமார் 600 போலீஸ் வந்து, சங்கிலியால கட்டிக்கிட்டு உக்காந்திருந்தவங்கள, சங்கிலிய அறுத்து தூக்கிட்டுப் போச்சு. அணை வந்துச்சு, தோத்துட்டாங்க. ஆனா அந்த சத்தத்துலதான் 1989ல அவங்களுக்குன்னு சாமி பார்லிமென்ட் வந்துச்சு. என்னைக் கேட்டா, அணைய நிறுத்தியிருந்தா கூட இவ்ளோ கிடைச்சிருக்குமான்னு சந்தேகம்தான்.

இன்னும் பழசு வேணும்னா ஆண்டர்ஸ் பவுல்சன். வயசான சாமி மனுஷர், தன் மேளத்துல உருவங்க வரைஞ்சு வச்சு அதுல குறி பார்த்தவர். 1691ல மேளத்தப் பறிச்சாங்க, அடுத்த வருஷம் சூனியக் கேஸ். ஒவ்வொரு உருவமா கோர்ட்ல விளக்கி சொன்னாரு, பதிவு இன்னைக்கும் இருக்கு. தீர்ப்பு வர்றதுக்குள்ள ஒருத்தன் அவர கொலை பண்ணிட்டான். மேளம் கடைசில டென்மார்க் மியூசியத்துக்குப் போயி, 2022லதான் முழு உரிமையோட சாமி மக்கள்கிட்ட திரும்பி வந்துச்சு. முந்நூத்து சொச்சம் வருஷம்!

லைட்ஸ் பாக்கத்தான் போறீங்கன்னா குளிர்காலம் சரி. ஆனா ஆல்டால பாறைச் செதுக்கல்கள் இருக்கு, சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரெயின்டீர வேலி போட்டு மடக்குற காட்சி செதுக்கியிருக்காங்க, அது குளிர்காலத்துல பனிக்கு அடியில போயிடும். அதுக்கு கோடைலதான் போகணும். மேளம் காரஷோக் ஊர் மியூசியத்துல.