கரண்ட் கேள்விகள்: தெரு லைனில இருந்து சுன்னாகம் மட்டும்

மின்பகிர்மானத்தில வேலை செய்து இளைப்பாறினனான். லைன், சோலார், ஸ்மாட் மீற்றர் பற்றி இண்டைக்குக் கேக்கிறதுகளுக்கு இதில பதில் போடுறன். பில் பிழை, புதுக் கனெக்சன் பிந்துது எண்ட முறைப்பாடுகளை உங்கட பகுதி மின்சார அலுவலகத்தில குடுங்கோ.

கோண்டாவில்: அண்ணை, 5 கிலோவாற் சோலார் போட்டிருக்கிறம். நல்ல வெயிலுக்கை இன்வேட்டர் (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற பெட்டி) நிண்டு நிண்டு வருது. பூட்டின ஆக்கள் லைனில தான் பிழை எண்டினம். உண்மையோ?

பதில்: அனேகமா உண்மை. எங்கட நாட்டில வீட்டு வோல்ற்றேஜ் 230, அதுக்குக் கூடக்குறைய 6 சதவீதம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில நிக்கவேணும். முந்தி கரண்ட் ட்ரான்ஸ்போமரில இருந்து வீட்டுக்கு மட்டும் தான் ஓடினது. இரவு எல்லாரும் லைட், ரீவி போடேக்கை கடைசி வீட்டுக்கு வோல்ற்றேஜ் விழும் எண்டு, ட்ரான்ஸ்போமரிலயே கொஞ்சம் உயர்த்தி வைச்சிருப்பினம். இப்ப மத்தியானம் கரண்ட் மற்றப் பக்கமா ஓடுது. 5 கிலோவாற் எண்டால் கிட்டத்தட்ட 22 அம்பியர். உங்கட வயரும் தெரு லைனும் சேர்ந்து அரை ஓம் தடை இருந்தாலே 11 வோல்ற் ஏறும். ட்ரான்ஸ்போமரில 240 நிண்டால் உங்கட இன்வேட்டருக்கு 251. அதே பேசில (தெரு லைனில கரண்ட் வாற மூண்டு வயரில ஒண்டு) பக்கத்து வீட்டுக்காரரும் சோலார் போட்டிருந்தால் இன்னும் ஏறும். வோல்ற்றேஜ் வரம்பைத் தாண்டினதால இன்வேட்டர் நிக்குது. ஒரு முகில் மறைச்சால் திரும்ப வருது.

செய்யவேண்டியது இது. இன்வேட்டரின்ர போன் அப்பில வோல்ற்றேஜ் பதிவு இருக்கும். நல்ல வெயில் நாள்களில மத்தியானப் பதிவையும், இரவு எட்டு மணிப் பதிவையும் எடுத்து, எழுத்தில பகுதிப் பொறியியலாளருக்குக் குடுங்கோ. இரண்டும் வேணும். மத்தியானத்தைப் பாத்து ட்ரான்ஸ்போமரைக் குறைச்சுவிட்டால் இரவில கடைசி வீட்டுப் பிரிட்ஜ் இழுக்காது. பேஸ் மாத்திக் குடுக்கிறது, மொத்தமான வயர் இழுக்கிறது, இன்வேட்டரிலயே வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்துற செற்றிங்கைப் போடுறது எண்டு வேற வழிகளும் இருக்கு. ஒண்டை மட்டும் செய்யாதேங்கோ: இன்வேட்டர் நிக்கிற வரம்பை உயர்த்திவிடச் சொல்லாதேங்கோ. உங்கட சோலார் நிக்காது, அயல் வீட்டுச் சாமான் எரியும்.

ஸ்மாட் கிரிட், அதாவது தன்ர நிலைமையைத் தானே அளந்து சொல்லுற மின்வலை, வேணுமெண்டு நான் சொல்லுறது இதாலதான். பெரிய லைனில என்ன நடக்குதெண்டு கட்டுப்பாட்டு அறையில தெரியும். உங்கட தெருவின்ர கடைசிப் போஸ்ற்றில என்ன நடக்குதெண்டு நீங்கள் சொல்லாமல் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் குருட்டுத்தனம் போகவேணும்.

மானிப்பாய்: கரண்ட் போனால் பகலிலயும் எங்கட சோலார் நிக்குது. இவ்வளவு காசு போட்டு என்ன பிரியோசனம்?

பதில்: நிக்கத்தான் வேணும். லைனில ஆள் ஏறி நிண்டு வேலை செய்யேக்கை உங்கட கூரையில இருந்து கரண்ட் போனால் அந்த உயிருக்கு ஆர் பொறுப்பு? கரண்ட் இல்லாத நேரமும் வேணுமெண்டால் பற்றரியோட கூடின ஹைபிரிட் இன்வேட்டர் வேணும். ஜெனரேற்றர் வைச்சிருக்கிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லுறன்: சேஞ்ச் ஓவர் சுவிச் (தெரு லைன், ஜெனரேற்றர் இரண்டில ஒண்டை மட்டும் வீட்டோட இணைக்கிறது) இல்லாமல் பிளக் பொயின்ற்றுக்குள்ளால கரண்ட் குடுக்காதேங்கோ. உங்கட 230 வோல்ற் ட்ரான்ஸ்போமருக்குள்ளால திரும்பிப் போகேக்கை அங்கால பெரிய லைனில ஆயிரக்கணக்கான வோல்ற்றா நிக்கும்.

நல்லூர்: ஸ்மாட் மீற்றர் வந்தால் பில் கூடுமாம், உண்மையோ?

பதில்: பழைய தட்டுச் சுத்துற மீற்றர் வயசு போகப் போகச் சில நேரம் மெதுவா ஓடும். சின்னச் சின்ன லோட்டை விட்டுவிடும். புதுசு அதையும் எண்ணும். அதால சிலருக்குக் கொஞ்சம் கூடலாம். மற்றப்படி எரிச்சதுக்குத்தான் காசு. அதை விடப் பெரிய விசயம், கரண்ட் போற அந்தக் கணத்தில மீற்றர் தன்னுக்குள்ள மிஞ்சியிருக்கிற சொட்டுச் சக்தியில "எனக்குக் கரண்ட் இல்லை" எண்டு கடைசிச் செய்தி ஒண்டை அனுப்பக்கூடியது. எந்தெந்த வீட்டில இருந்து செய்தி வந்ததெண்டு பாத்தால் வயர் எந்தப் போஸ்ற்றுக்கு அங்கால அறுந்ததெண்டு தெரியும்.

பருத்தித்துறை: எந்தக் கொம்பனிப் பனல் நல்லது?

பதில்: கொம்பனிப் பேர் சொல்லமாட்டன். கடல்காத்துக்கு ஃபிரேம், நட், கிளாம்ப் எல்லாம் துருப்பிடிக்காத வகையோ எண்டு கேளுங்கோ.

சுழிபுரம்: கரண்ட் போனால் சோலார் ஏன் வேலை செய்யுதில்லை?

பதில்: மானிப்பாய்க்காரருக்குச் சொன்னதை வாசியுங்கோ.

அச்சுவேலி: தம்பி, நான் தோட்டக்காரன். வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்க எந்த நேரம் மோட்டர் போட்டால் நல்லது?

பதில்: ஐயா, பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை மட்டும் போடாதேங்கோ. அது தான் நாடு முழுக்க இழுக்கிற நேரம். சோலார் கூடின தெருவெண்டால் மத்தியானம் மோட்டர் ஓடுறது லைனுக்கும் நல்லது, ஏறின வோல்ற்றேஜ் இறங்கும். மத்தியான வெயிலுக்கை பயிருக்குத் தண்ணி விடமாட்டியள் எண்டு தெரியும், தொட்டிக்கு இறைச்சுப்போட்டுப் பின்னேரம் விடுங்கோ. ஒரேயடியா இறைக்காதேங்கோ, சுண்ணக்கல் நிலத்தில கீழயிருந்து உவர் ஏறும்.

கொக்குவில்: முந்தி சுன்னாகம் மின்நிலையத்தில யாழ்ப்பாணக் கரண்ட் தனியாத்தானே ஓடினது. பளையில கரண்ட் எடுக்கிற காத்தாடியள் இருக்கு, கூரையெல்லாம் சோலார். யாழ்ப்பாணத்தைத் தனிக் கிரிட்டா ஓட்டினால் என்ன? கொழும்புப் பக்கம் குரங்கு பாய்ஞ்சால் நாங்கள் ஏன் இருட்டில இருக்கவேணும்?

பதில்: ஓட ஏலும், ஆனா எந்த விலைக்கு? கிளிநொச்சியால நாட்டுக் கிரிட்டின்ர 132 கிலோவோல்ற் லைன் வாறதுக்கு முந்தி இஞ்ச ஓடினது எண்ணெயில. அந்த எண்ணெய் சுன்னாகத்துக் கிணறுகளில கலந்த கதை உச்ச நீதிமன்றம் மட்டும் போய் 2019 இல தீர்ப்பு வந்தது. திரும்ப அங்க போகச் சொல்லுறியளோ?

கொக்குவில்: எண்ணெய் வேண்டாம், பற்றரி போடலாம். சைக்கிள் டைனமோவில பாட்டுக் கேட்ட சனம் நாங்கள், சமாளிப்பம்.

பதில்: அந்தச் சனத்தில நானும் ஒருத்தன். அதாலதான் திரும்ப வேண்டாம் எண்டுறன். நீங்கள் சொல்லுற குரங்கு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில. லீவு நாள், பாவனை குறைவு, சோலார் கூட. மின்நிலையங்களில சுத்துற பெரிய மெசின்கள் குறைவா ஓடினதால தான் ஒரு சின்ன அடியில கரண்டின்ர துடிப்பு, அதாவது அந்த 50 ஹேர்ட்ஸ், சரிஞ்சு நாடே இருண்டது. சின்னக் கிரிட்டில இன்னும் கெதியாச் சரியும். பளையில காத்து விழ, மேல ஒரு பெரிய முகில் வந்தால் காணும்.

நெடுந்தீவு: நாங்கள் தனியாத்தானே இருக்கிறம். எங்களுக்கு வழியில்லையோ?

பதில்: உங்களுக்கு அதுதான் சரியான வழி. கடலுக்கால பெரிய லைன் இழுக்கிறதை விடக் காத்து, சோலார், பற்றரி, அவசரத்துக்கு டீசல் எண்ட கலவை பொருந்தும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் 2022 இல இந்திய நன்கொடையில ஒப்பந்தம் வந்ததும் அப்பிடியான கலவைக்குத்தான். கொக்குவில் தம்பி, உங்கட கதையில ஒரு பாதி எனக்கும் சம்மதம். நாளாந்தம் நாட்டோட சேர்ந்து ஓடவேணும், நாடு விழேக்கை மட்டும் ஆஸ்பத்திரி, தண்ணிப் பம்பு உள்ள பகுதியளைப் பிரிச்சுப் பற்றரியில வைச்சிருக்கவேணும். அதுக்குத்தான் காசு கேக்கவேணும். முழுக்கப் பிரியிறதுக்கு இல்லை.

சங்கானை: கரண்ட் போனால் சோலார்...

பதில்: மூண்டாம் தரம். பற்றரி இல்லாட்டி நிக்கும். சேஞ்ச் ஓவர் சுவிச் இல்லாமல் ஜெனரேற்றர் போடாதேங்கோ.

காரைநகர்: காத்துக் காலத்தில காவோலை விழுந்து கரண்ட் ஒருக்கா நிண்டு உடன வருது, பேந்து நிக்குது. ஏன்?

பதில்: அது ரீகுளோசர் எண்ட தானியங்கிச் சுவிச். ஓலை வயர் இரண்டையும் தொட லைனை வெட்டும், கொஞ்சத்தால தானாத் திரும்பப் போட்டுப் பாக்கும். ஓலை எரிஞ்சோ விழுந்தோ போயிருந்தால் கரண்ட் நிலைக்கும். கிடந்தால் திரும்ப வெட்டி, சில தரத்துக்குப் பிறகு முழுசாப் பூட்டிவிடும், பிறகு ஆள் வரவேணும். உங்கட தெருவில இன்னும் வெறும் வயர் எண்டால், உறை போட்டு முறுக்கின வயர் கேட்டு எல்லாரும் கையெழுத்து வைச்சு எழுதுங்கோ. வளவுக்குள்ள லைனுக்கு மேல சாய்ஞ்ச பனையில காவோலை தட்ட முதல் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லி லைனை நிப்பாட்டுங்கோ. ஏறிறவர் கையில இருக்கிறது இரும்புக் கத்தி.