காகிதப்பூ போன்சாய்: இலையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளாக இரண்டு காகிதப்பூச் செடிகளைப் போன்சாய் தட்டில் வளர்க்கிறேன். தண்டு இன்னும் கட்டைவிரல் பருமனைத் தாண்டவில்லை. ஒரு வியாபாரி தொடைப் பருமனில் அடிமரம் ஒன்றைக் காட்டி, "மலையில் எடுத்தது, வேர் பிடிச்சாச்சு" என்று 14,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? எங்கள் தெருவில் இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டிலும், பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் அரசுக் குடியிருப்பிலும் பெரிய காகிதப்பூ உண்டு. பெயர்த்து எடுத்தால் பிழைக்குமா? (கரூர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்தப் பழைய வீட்டுக்காரரை நாளைக் காலையே போய்ப் பாருங்கள். நீங்கள் தேடுகிற அடிமரம் அநேகமாக உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

முதலில் அந்த "மலையில் எடுத்தது" கதையை முடித்துவிடுவோம். காகிதப்பூ, அதாவது போகன்வில்லா, தென்னமெரிக்கச் செடி. 1767இல் பிரெஞ்சுக் கடலோடி போகன்வில் நடத்திய கப்பல் பயணத்தில் உடன் வந்த தாவரவியலாளர் கொமர்சன் ரியோ டி ஜெனீரோவில் இதைக் கண்டு பதிவு செய்தார். நம் ஊரில் இது விதை பிடிப்பதே அபூர்வம். எங்கே பெரிய காகிதப்பூ நின்றாலும் யாரோ ஒருவர் அங்கே போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, ஊன்றியிருக்கிறார் என்றுதான் பொருள். நம் மலைக்காட்டில் அது தானாக முளைத்துத் தொடைப் பருமன் ஆவதில்லை. வியாபாரி காட்டும் கட்டை யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில் முப்பது நாற்பது வருடம் நின்றது. மலை என்று சொன்னால் விலை ஏறும், அதற்காகச் சொல்கிறார்.

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீடு இடிக்கிற இடத்திலிருந்து வியாபாரிக்குத் தகவல் போகும். சில நூறு ரூபாய் கைமாறும். ஜே.சி.பி. கவ்விப் பிடுங்கிய கட்டையை மேலும் கீழும் அறுத்து, சிமெண்ட் சாக்கில் செம்மண்ணோடு நிறுத்தி, பிளாஸ்டிக் போர்த்தி நிழலில் வைப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் கட்டை முழுக்கத் தளிர் வெடித்து நிற்கும். அந்த நேரம் பார்த்து விற்றுவிடுவார்கள்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். தளிர் வந்துவிட்டதால் வேரும் வந்திருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கூடையில் கிடக்கும் வெங்காயம் முளைவிடுவதைப் போலத்தான் இது. பருத்த தண்டுக்குள் மாவுச்சத்தும் நீரும் நிறைய இருக்கும். அதைச் செலவழித்துத்தான் அந்தத் தளிர்கள் வருகின்றன. புதிய வேர் ஓடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். சேமிப்பு தீர்வதற்குள் வேர் வந்துவிட்டால் செடி பிழைக்கும். வராவிட்டால் ஒருநாள் எல்லாத் தளிரும் ஒன்றாகத் தலைசாய்ந்துவிடும். அதற்குள் கட்டை உங்கள் மாடிக்கு வந்திருக்கும். போய்க் கேட்டால், "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க சார்" என்பார். கேட்டவருக்கும் தன் தப்பு என்றே தோன்றும். எத்தனையோ நல்ல ஆர்வலர்கள் இந்த ஒரு அடியிலேயே போன்சாயைக் கைவிட்டிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வேர் இருக்கிறதா என்று பார்க்க, தண்டின் நடுப்பகுதியைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். வேர் பிடித்த செடி என்றால் மண்ணும் தொட்டியும் சேர்ந்து அசையும். கட்டை மட்டும் தனியாக ஆடி, அடியில் மண்ணுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய விரிசல் தெரிந்தால் வேர் இல்லை. அடுத்துத் தளிரைப் பாருங்கள். வேரில்லாத கட்டையின் தளிர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில், வெளிர்பச்சையாக, முள் கூட வளையும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். வேர் பிடித்ததில் தளிரின் அடி பழுப்பேறி விறைத்திருக்கும், முள் குத்தும், முதல் தளிரிலிருந்து பக்கக் கிளைகள் வந்திருக்கும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சையைக் காட்டுவார்கள். தண்டு இன்னும் சாகவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மேல்வெட்டில் மண்ணோ பெயிண்டோ அப்பியிருந்தால் அதன்மேல் ஓர் ஆணியை அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் உள்ளே அழுகல் இருக்கிறது. காகிதப்பூவின் கட்டை மென்மையானது, பெரிய வெட்டு எளிதில் மூடாது. மண்ணை அடித்தண்டு மேல் குவித்து வைத்திருந்தால் விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடி பருத்து, வேர்கள் விரிந்து மண்ணில் இறங்குகிற இடம்தான் போன்சாய்க்கு உயிர். வேலிக்கால் மாதிரி மேலும் கீழும் ஒரே பருமனாக இருக்கும் உருளைக்கு 14,000 ரூபாய் அதிகம். மெல்லிய நாலைந்து செடிகளை ஒன்றாகக் கட்டி ஒட்டவைத்து ஒற்றை அடிமரம் என்று விற்பதும் உண்டு. ஒரே தண்டில் நான்கு நிறம் ஒட்டுக்கட்டிய செடி வாசலுக்கு அழகு. போன்சாய்க்கு ஒட்டுத் தழும்புகள் தீராத தொல்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கட்டை மனதில் நின்றால், ஒரு சிறு முன்பணம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வேர் பிடித்த செடி வைத்திருப்பவர் சம்மதிப்பார். "நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க" என்றால், வேர் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

இனி உங்கள் தெரு. பழைய வீட்டுக்காரர் அல்லது இடிக்கும் ஒப்பந்தக்காரர் சம்மதித்தால், ஜே.சி.பி. வருவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கனத்த கையுறையும் கண்ணாடியும் வேண்டும், இதன் முள் கீறினால் புண் சட்டென்று ஆறாது. முதலில் மேல்கொடிகளைக் கழியுங்கள். அடிமரத்தை நீங்கள் நினைக்கும் உயரத்தைவிட அரை அடி கூடுதலாக விட்டு ரம்பத்தால் அறுங்கள். வெட்டிய இடத்திலிருந்து சில அங்குலம் கீழ்நோக்கிக் காய்ந்து வரும், அதற்குத்தான் இந்தக் கூடுதல். பிறகு சுற்றிலும் ஒரு அடி தள்ளிக் குழி பறித்து, தென்படும் பருத்த வேர்களை ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுங்கள். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பவே நெம்பாதீர்கள். காகிதப்பூவின் வேர் முறுக் என்று ஒடியும், ஒடிகிற வேர் அடித்தண்டின் பட்டையையும் கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கிழிசலில்தான் பின்னால் அழுகல் நுழையும். மெல்லிய வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முருங்கைப் போத்து போல இதுவும் பருத்த கட்டையிலிருந்தே வேர்விடக்கூடியது.

அடியைச் சமமாக அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே நட்டுவிடுங்கள். அடியில் நிறையத் துளை போட்ட பழைய பிளாஸ்டிக் டிரம்மின் பாதி போதும். நடும் கலவைக்குப் பட்டாணி அளவு செங்கல் துண்டு பாதி, தூசு போகக் கழுவிய எம்-சாண்ட் கால், தேங்காய் நார்க்கழிவு கால். எரு, மண்புழு உரம், பிண்ணாக்கு எதுவும் இப்போது கூடாது. வேரில்லாத கட்டைக்கு உரம் போட்டால் அழுகல்தான் வரும். கட்டையைத் தொட்டியோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தால், வருகிற வேர்நுனியெல்லாம் அறுந்துவிடும். பெரும்பாலோர் தவறுவது இந்த ஒரு வேலையில்தான். மேல்வெட்டைத் தண்ணீர் தேங்காதபடி சரிவாகச் சீவி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியின் குழம்பைப் பூசுங்கள். ஒருமுறை நன்றாக நீர் விட்டு, தண்டுக்குமேல் தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

தளிர் வந்ததும் கை பரபரக்கும். எதையும் கிள்ளாதீர்கள், கம்பி சுற்றாதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். இலைகள் விறைத்த பிறகு பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மூன்றாம் மாதத்துக்குமேல் வெயிலுக்கு நகர்த்துங்கள். உரமும் அதன் பிறகுதான். போன்சாய் தட்டைப் பற்றி ஒரு வருடம் நினைக்கவே வேண்டாம்.

மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரை இதற்கு நல்ல காலம், சூடு இருந்தால் வேர் வேகமாக ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுக்க நேர்ந்தால் கூரைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

இதுவரை சொன்னது சாதாரண ஊதாச் சிவப்புக் காகிதப்பூவுக்கு. பழைய வீடுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஆனால் எல்லா வகையும் இப்படிக் கட்டையிலிருந்து வேர்விடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இலையில் வெள்ளையோ மஞ்சளோ விரவிய வகை, வெள்ளைப்பூ, செங்கல் நிறப்பூ, கொத்துக்கொத்தாக அடுக்குப் பூத்து வாடிய பிறகும் உதிராமல் பழுப்பாகத் தொங்குகிற மஹாரா போன்ற வகை, இவற்றில் பருத்த கட்டை வேர்விடுவது கடினம். ஆகவே வெட்டும் முன் பூவையும் இலையையும் பாருங்கள். பூ இல்லாத பருவம் என்றால் வீட்டுக்காரரிடம் என்ன நிறம் என்று கேளுங்கள். இந்த வகைகளுக்கு விண்பதியம்தான் வழி. தண்டின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, அடியிலுள்ள வழுவழுப்பான பச்சைப் படலத்தையும் சுரண்டிவிட்டு, ஈர நார்க்கழிவு வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டி, தாளில் வேர் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை வீட்டை இடிக்காமல் இருக்க மாட்டார்கள் என்றால், வேர்மண் உடையாமல் எவ்வளவு பெரிய உருண்டையாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக, நாலு பேரை வைத்தாவது எடுங்கள். இன்னொன்று. அது ஒட்டுச் செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே அடிமரம் சாதாரண ஊதாவாகவே இருக்கலாம். கீழிருந்து வரும் தளிர் வேறு நிறத்தில் பூத்தால் ஏமாற்றம் அடையாதீர்கள், உங்களுக்கு வேண்டிய பருத்த அடி அதுதான்.

அரசுக் குடியிருப்புக்கு வருவோம். இரவில் போய் வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொது நிலத்தில் நிற்பதைக் கேட்காமல் எடுத்தால் வழக்கு வரும். பொது நிலத்து மரங்களை வெட்டுவதைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் 2021இல் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நல்ல ஏற்பாடு. ஆனால் உயிரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுகிறேன் என்று மனுவோடு போகிற சாமானியரை ஓர் அலுவலகம் இன்னொன்றுக்குக் கைகாட்டும், காகிதப்பூ மரமா கொடியா என்ற கேள்வியிலேயே கோப்பு படுத்துவிடும். அதற்குள் கட்டட இடிப்பு ஏலம் முடிந்து, ஒரே காலையில் எல்லாம் செங்கல் குவியலோடு லாரியில் போய்விடும். அழிப்பதற்கு இருக்கிற வேகம் காப்பாற்றுவதற்கு ஏன் இல்லை? இதை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை, கட்டடத்தைப் பராமரிக்கும் துறையிடம் இப்போதே எழுத்தில் மனு கொடுத்து, கையொப்பமிட்ட அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மாடியில் இருக்கும் இரண்டு செடிகள். ஆழமில்லாத தட்டில் தண்டு பருக்காது. தட்டு என்பது உருவான மரத்தை அடக்கி வைக்கும் இடம், அதில் வைத்து மரத்தை உருவாக்க முடியாது. இரண்டையும் தரையில் நடுங்கள். வேர்களை நாலாபுறமும் பரப்பி, அடியில் ஒரு ஓட்டுத் துண்டையோ தட்டைக் கல்லையோ வைத்து நட்டால் வேர் பக்கவாட்டில் விரியும், அடி அகலும். ஒரே ஒரு கொடியை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாடி வரை ஏற விடுங்கள். தண்டைப் பருக்க வைப்பது அந்தக் கொடியும் அதன் இலைகளும்தான். கவாத்து செய்ய வேண்டாம். தண்டு மணிக்கட்டுப் பருமன் வந்ததும் அந்தக் கொடியை அடியோடு வெட்டி, கீழே வரும் புதுத் தளிரிலிருந்து அடுத்த கட்டத்தைத் தொடங்கலாம். நம் வெயிலில் மூன்று நான்கு ஆண்டு ஆகும். தரை இல்லையென்றால் பாதி டிரம் போதும், இன்னும் கொஞ்சம் கூடுதல் காலம் எடுக்கும்.

பழைய வீட்டில் வெட்டிப்போட்ட கொடிகளில் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருப்பதையெல்லாம் ஒரு அடித் துண்டாக்கி அதே கலவையில் ஊன்றி வையுங்கள். வளைவு நெளிவான துண்டாகப் பார்த்து எடுங்கள், நேரானவை வேலிக்குத்தான் ஆகும்.