அம்பறாத்தூணியை யார் சுமப்பது?

கேள்வி: அமெரிக்காவில் 19 பிள்ளைகள் பெற்ற ஒரு தம்பதியைப் பற்றி யார் பேசினாலும் கேவலமாகவே பேசுகிறார்கள். கர்த்தர் தருவதை வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள் அவர்கள். கடன் கிடையாது, யாரிடமும் கையேந்தவில்லை. இதில் ஊருக்கு என்ன நஷ்டம்? நம் பாட்டிமார் பெறவில்லையா? (நாகர்கோவில் வாசகர் ஒருவர்)

பதில்: ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாயைப் பன்றி, முயல் என்று ஏசுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெற்றவளை ஏசும் வாய்கள் பக்கத்தில் நிற்கும் தகப்பனை ஒரு சொல் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

ஆனால் நீங்கள் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு என்ன நஷ்டம் என்றீர்கள். வீட்டுக்குள் யாருக்கு என்று கேட்கவில்லை.

நீங்கள் சொல்வது ஆர்கன்சா மாநிலத்து டக்கர் குடும்பம் என்று நினைக்கிறேன். ஜிம் பாப், மிஷேல் தம்பதி. 2008 முதல் 2015 வரை அவர்கள் வீட்டு வாழ்க்கையே தொலைக்காட்சித் தொடராக ஓடியது. கல்யாணமான புதிதில் அவர்களும் கருத்தடை மாத்திரை எடுத்தவர்கள்தான். மாத்திரையை மீறித் தங்கிய ஒரு கரு கலைந்தது. மாத்திரைதான் காரணம் என்று நம்பி, இனி எண்ணிக்கையைக் கடவுளிடம் விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அங்கே இப்படி நம்புகிறவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது பைபிளின் 127ஆம் சங்கீதம். பிள்ளைகள் பலவான் கையிலுள்ள அம்புகள். 'அவைகளால் தன் அம்பறாத்தூணியை நிரப்பின புருஷன் பாக்கியவான்.' (அம்பறாத்தூணி என்றால் அம்புகள் வைக்கும் கூடு.) பிள்ளை பாக்கியம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை என்று அந்த வசனம் சொல்லவில்லை. போதும் என்றால் பாவம் என்றும் சொல்லவில்லை. பாக்கியவான் புருஷன். அந்தத் தூணியைச் சுமப்பது யார்?

பத்தொன்பதாவது குழந்தை 2009 டிசம்பரில் பிறந்தது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, 25 வாரத்திலேயே அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எடை 622 கிராம். முக்கால் கிலோகூட இல்லை. பிள்ளை பிழைத்தது, நல்லது. இரண்டே ஆண்டில், 45 வயதில், மிஷேல் மறுபடி கர்ப்பம். அது தங்கவில்லை. அதிகப் பிரசவம் கண்ட கர்ப்பப்பை சுருங்க மறுக்கலாம், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம் என்பதை எந்த மருத்துவச்சியும் சொல்வார்.

அப்புறம் மூத்த பெண்கள். அந்த வீட்டில் பெரிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னப் பிள்ளையை ஒப்படைக்கும் ஏற்பாடு இருந்தது. ஊட்டுவது, தலை சீவுவது, பாடத்தில் உதவுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. மகள்களில் இருவர் 2023இல் புத்தகம் எழுதினார்கள். தன்னுள் ஊறிப்போன பயத்தைப் பற்றி ஒருத்தி. நிகழ்ச்சிக்கு உழைத்ததற்குத் தன் கையில் பணம் தரப்படவில்லை என்று இன்னொருத்தி. (மூத்த மகன் குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனதை நான் இதில் இழுக்கவில்லை. ஒற்றைப் பிள்ளை வீட்டிலும் அந்தக் குற்றம் நடக்கிறது.)

எங்கள் பெரியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் பதினோரு பிரசவம், ஏழு பிள்ளைகள் தங்கின. எட்டாவது பிரசவத்தின்போதே தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னாராம். 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று சொல்லிவிட்டுத் தாத்தா வண்டி கட்டிவிட்டார். அந்தத் தண்ணீரைத் தெருமுனைக் கிணற்றிலிருந்து சுமந்தவர் பெரியம்மா. இடுப்பில் ஒரு தம்பி, கையில் குடம். எழுபது வயதிலும் அவர் நின்றால் இடப்பக்கம் இடுப்பை ஒடித்துத்தான் நிற்பார், பிள்ளை இருக்கிற மாதிரியே.

கடவுள் மீது பழி போடாதீர்கள். கருத்தடையை இன்றும் ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றைய தலைவர், மறைந்த போப் பிரான்சிஸ், 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் என்ன சொன்னார் தெரியுமா? நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்போலப் பெற வேண்டியதில்லை என்றார். ஏழு சிசேரியனுக்குப் பிறகு எட்டாவது முறை கர்ப்பமான ஒரு பெண்ணிடம், ஏழு பிள்ளைகளையும் அநாதையாக்கப் போகிறாயா என்று தாம் கண்டித்ததையும் சொன்னார். அந்தப் பெண்ணைக் கண்டித்தவர் அவள் கணவனையும் கூப்பிட்டுக் கண்டித்திருக்கலாம் என்பது என் குறை.

நம் ஊரிலும் 'அவங்க அப்படித்தான் பெத்துத் தள்ளுவாங்க' என்று முஸ்லிம்களைப் பற்றிக் கூசாமல் சொல்கிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள். 2019-21இல் 2.4க்கும் கீழே. அதே குர்ஆன்தான், அதே ஐந்து வேளைத் தொழுகைதான். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதே ஆய்வில் எல்லா மதத்தவரையும் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு 1.8, பீகாருக்கு 3. வேதம் தீர்மானிப்பதைவிட அதிகமாகப் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் தீர்மானிக்கின்றன.

அரசாங்கமும் சளைத்ததில்லை. நெருக்கடி நிலையில், 1976இல், ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுத்தது. 2024 அக்டோபரில் அன்றைய முதல்வர் ஸ்டாலினே, மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்துப் பிரித்தால் நம் எம்.பி. தொகுதிகள் குறையும் என்ற கவலையில், 16 பிள்ளை பெறலாமே என்று நினைக்கும் நிலை வந்துவிட்டதாக ஒரு திருமண மேடையில் பேசினார். தொகுதிக் கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அதைத் தீர்க்கிற இடம் பெண்ணின் வயிறு இல்லை.

இருபது பெற்றாலும் சரி, ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி, அவள் யோசித்துச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். போதும் என்று அவள் சொல்லியிருக்க முடியுமா, சொன்னால் அந்த வீட்டில் எடுபட்டிருக்குமா? இதைத்தான் நான் டக்கர் வீட்டிலும் கேட்கிறேன், உங்கள் வீட்டிலும் கேட்கிறேன்.

பாட்டிமார் பெறவில்லையா என்று கேட்டீர்கள். உங்கள் பாட்டி இருந்தால், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரையே கேளுங்கள். நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் பாட்டியிடம் கேட்டேன். வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "அஞ்சோட போதும்னு இருந்துச்சு. யாருகிட்டச் சொல்ல?"